வலது பின்சக்கரம்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் காரில் உட்கார்ந்தபடி பிரேக் போடத் தெரியும். இடது பக்க சீட்டில் ஏறி, பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் முடித்த பிறகு, வலது காலால் தரையை அழுத்தத் தொடங்குவார். எதிரே லாரி வந்தால் ஓர் அழுத்து. ரோட்டோரம் ஒரு நாய் நின்று யோசித்தால் ஓர் அழுத்து. முன்னால் போகிற டவுன் பஸ்ஸின் சிவப்பு விளக்கு எரிந்தால் இரண்டு காலாலும். அவர் கால் பதிகிற இடத்தில் ரப்பர் மேட்டின் கோடுகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தன. எங்கள் ஐந்து வயது மகள் பின்சீட்டிலிருந்து, "அம்மா, அப்பா பிரேக் புடிச்சிட்டாரு" என்று அறிவிப்பு கொடுப்பாள்.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. போகப்போக எரிச்சல் வந்தது. ஒரு முறை பொறுக்க முடியாமல், "உங்க பக்கமும் ஒரு பெடல் வெச்சித் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வெச்சா நல்லாதான் இருக்கும்" என்றார். இப்படிப் பதில் சொல்லுகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

இது நடந்தது இரண்டாயிரத்து ஒன்பது மே மாதக் கடைசியில். அப்போது கடலூரில், தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அவருக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர் வேலை, ஷிஃப்ட் முறை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வருடம்தான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்குள் வேலைக்குப் போன முதல் ஆள் நான் என்று சொல்ல முடியாது. என் அப்பா ஒரு கல்லூரியில் முப்பது வருடம் தோட்டக்காரராக இருந்தவர். கரும்பலகைக்கு முன்னால் நிற்கப்போகிற முதல் ஆள் நான்.

கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது. அம்மாவும் மகளும் சேர்ந்து போய் சேர்ந்து வரலாம். சிக்கல் எதில் என்றால், அவளுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. கடலூரில் ஏறினால் ஆலப்பாக்கம் வருவதற்குள் என் மடியில் வாந்தி எடுத்துவிடுவாள். புளிப்பு மிட்டாய், எலுமிச்சம்பழம், ஜன்னலோர சீட்டு, எல்லாம் பார்த்தாயிற்று. காரில் கண்ணாடியை இறக்கிவிட்டால் மட்டும் பாட்டு பாடிக்கொண்டு வருவாள். அதனால் காரிலேயே தினமும் போய் வருவது என்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் செய்திருந்த முடிவு வேறு.

"சிதம்பரத்துல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். நீயும் பாப்பாவும் அங்க இருங்க. நான் சனிக்கெழம வந்துடுறேன்" என்றார்.

"அப்போ வாரத்துல ஒரு நாளுதான் புருஷன் பொண்டாட்டியா?"

"அப்படி இல்ல. நான் பம்புகிட்ட நிக்கும்போது போன் அடிச்சாகூட காதுல உழாது. நீங்க ரெண்டு பேரும் ரோட்ல இருக்கீங்கன்னு நெனச்சிக்கினே நான் எப்படி வேலை பாக்குறது, சொல்லு."

அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியானது. பயப்படுகிறவரைத் திட்டலாம். நம்மீது உள்ள பாசத்தால் பயப்படுகிறவரை என்ன செய்ய?

போதாக்குறைக்கு அந்த வாரம் கார் வேறு கத்தத் தொடங்கியது. புதுச்சேரியில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடம் வாங்கிய, ஏழு வருடப் பழைய வெளிநாட்டுக் கம்பெனி கார் அது. பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். ஓ.டி. என்று நாங்கள் சொல்கிற பழைய டவுனில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார், என் கணவரை மாமா என்று கூப்பிடுகிறவர். சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"இன்னா மாமா, பின்னாடியும் டிஸ்க்கா? நம்ம கடைக்கு வர்ற வண்டிக்கெல்லாம் பின்னாடி டிரம்முதான். இதுல நான் கை வெச்சி ஏதாவது ஆச்சின்னா அக்கா என்ன உட மாட்டாங்க. புதுச்சேரில கம்பெனி சர்வீஸ்ல குடுத்துடுங்க."

கம்பெனி சர்வீஸில் கேட்டால் அடுத்த மாதம் பாதிக்கு மேல்தான் இடமிருக்கிறது என்றார்கள். நான் வேலையில் சேர வேண்டியது அதற்கு முன்னால். சிதம்பரம் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் வேறொரு குடும்பமும் அந்த வீட்டைக் கேட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றிருந்தார்.

"நாமளே மாத்திடலாம்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு யோசித்தார். ஸ்பேனர் பிடிக்கிற வேலை என்றால் அவருக்குப் பயமே இல்லை. ஓடுகிற வண்டிதான் பயம். "சரி. ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குள்ள இந்த வண்டி ஒழுங்கா நின்னுச்சின்னா நீயே ஓட்டிக்கினு போ. நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லன்னா வீட்டுக்கு சரின்னு சொல்லிடுவேன்."

"இது சத்தியமா?"

"சத்தியம்லாம் பண்ணக் கூடாது. சொன்னா சொன்னதுதான்."

மறுநாளே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அந்தக் காரின் பின் பிரேக்கைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, பதினான்கு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். புதுச்சேரிக்குப் போய் இரண்டு டிஸ்க்கும் ஒரு செட் பேடும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். மடியில் கனத்த அட்டைப்பெட்டியைப் பார்த்த கண்டக்டர், "இன்னாம்மா, கிரைண்டரா?" என்று கேட்டார். பிரேக் என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவர் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, மூன்று மணிக்கு வேலையைத் தொடங்கினோம். நான் பழைய சுடிதாரில், கையில் பதினான்கு பக்கத்துடன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தோம். பின் பிரேக்கையே கழற்றப்போவதால் ஹேண்ட் பிரேக் போடக்கூடாது, கியரில்தான் நிறுத்த வேண்டும் என்று படித்தேன். அவர் தலையாட்டினார். இடது பின்சக்கரத்தைக் கழற்றினார். பழைய டிஸ்க் உள்ளே தெரிந்தது. ஓரத்தில் விளிம்பு கட்டி, நடுவில் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. டிஸ்க்கை உரசி நிறுத்துவதற்குப் பேடின் மேல் ஒட்டியிருக்கிற மருந்து என்று ஒன்றுமே பாக்கி இல்லை. இரும்பும் இரும்பும்தான் உரசிக்கொண்டிருந்தன.

பேடுகளைப் பிடித்து அழுத்துகிற பாகத்துக்குக் கேலிப்பர் என்று பெயர். அதைக் கழற்றினால் பிரேக் ஆயில் வருகிற ஹோஸில் அது தொங்கக்கூடாது, கம்பியில் கட்டி மாட்ட வேண்டும் என்று ஆறாம் பக்கத்தில் போட்டிருந்தது. கம்பி தேடினோம், கிடைக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் பாவாடையிலிருந்து நாடாவை உருவிக் கொடுத்தேன். "கம்பெனிக்காரன் பாத்தான்னா செத்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே அவர் அதை வண்டியின் ஸ்பிரிங்கில் முடிச்சுப் போட்டு மாட்டினார். அழகான முடிச்சு.

டிஸ்க் வரவில்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஜன்னல் கம்பி, கேட் கொக்கி, துணி க்ளிப்பின் ஸ்பிரிங், எதையும் அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. ஏழு வருடத் துரு டிஸ்க்கையும் சக்கரத் தண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சுற்றிச் சுற்றிச் சுத்தியால் தட்டினார். அரைமணி நேரம் கழித்து அது 'டங்' என்று கழன்று விழுந்தபோது மகள் கைதட்டினாள். நானும்தான்.

அடுத்தது பிஸ்டன். கேலிப்பருக்குள்ளிருந்து பேடைத் தள்ளுகிற உருளை அது. பழைய பேட் தேய்ந்ததால் அது வெகுதூரம் வெளியே வந்திருந்தது. புது பேட் தடிமன், ஆகவே அதை உள்ளே தள்ள வேண்டும். அவர் ஒரு கிளாம்ப்பைப் போட்டு முறுக்கினார். நகரவில்லை. இன்னும் முறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இது அழுத்தினா போவாது. திருகணும்."

"பிஸ்டன்னா அழுத்துனா போவணும்."

"முன்சக்கரத்துல அழுத்தினா போவும். இது பின்சக்கரம். இதுலதான் ஹேண்ட் பிரேக்கும் இருக்கு, உள்ள மரை இருக்கு. வலது பக்கமா திருகிக்கினே அழுத்தணுமாம். அழுத்தினா உடைஞ்சிடுமாம்."

"நான் பதினஞ்சு வருஷமா பம்புதான் கழட்டி மாட்டிக்கினு இருக்கேன், டீச்சர்."

கோபம் வந்தால்தான் என்னை டீச்சர் என்பார். நான் ஒன்பதாம் பக்கத்தை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். படத்தைப் பார்த்தார். கிளாம்ப்பை அவிழ்த்துத் தரையில் வைத்தார். நான் நோஸ் பிளையரின் இரண்டு மூக்கையும் பிஸ்டனின் முகத்தில் இருந்த பள்ளங்களில் வைத்து, உடம்பு எடையைக் கொடுத்துத் திருகினேன். நூலளவு உள்ளே போயிற்று. மறுபடி திருகினேன். இன்னொரு நூல். கை சிவந்துபோனது. ஆனால் அந்த உருளை எனக்குக் கீழ்ப்படிந்து உள்ளே போனபோது ஏற்பட்ட சந்தோஷத்தை, நான் முதல் வகுப்பில் தேறியபோதுகூட அனுபவித்ததில்லை என்று சொன்னால் நம்ப வேண்டும்.

புது டிஸ்க்குகள் இரண்டின் மேலும் கடையில் துருப் பிடிக்காமலிருக்கக் கம்பெனிக்காரன் பூசியிருந்த எண்ணெய் இருந்தது. அதைத் தின்னர் தொட்டு ஒரு வெள்ளை பனியனால், துணியில் கறை வராத வரைக்கும் துடைத்தேன். இடது பக்கத்தை முழுதாக முடித்துச் சக்கரத்தையும் மாட்டினோம். வலது பக்கம் டிஸ்க்கை மாட்டி, பிஸ்டனையும் திருகி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. பேடு போட்டுக் கேலிப்பரை மாட்டுவதுதான் பாக்கி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்தபோது அவர் சர்ச்சுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போர்ட்டிகோவில் அந்த வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் எமரி பேப்பர், இரும்பைத் தேய்க்கிற உப்புத்தாள். சட்டையில் கறை படப்போகிறது என்று கத்தினேன். எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார். வழக்கமாக மூன்று பேரும்தான் சர்ச்சுக்குப் போவோம். அன்று மட்டும் நான், "ஆண்டவர் புரிஞ்சிக்குவாரு, நீங்க பாப்பாவ கூட்டிக்கினு போங்க" என்றேன். ஐந்து மணி என்னைத் துரத்திக்கொண்டிருந்தது.

அவர்கள் போனதும் வேலையில் இறங்கினேன். நேற்று ராத்திரி மாட்டிவிட்டுப் போன டிஸ்க் பளபளவென்று இருந்தது. எமரி போட்டு வைத்திருக்கிறார், பரவாயில்லையே என்று மனதுக்குள் பாராட்டினேன். பேடுகளைச் செருகினேன். கேலிப்பரைக் கவிழ்த்து மாட்டி, போல்ட்டுகளை முறுக்கினேன். சக்கரத்தை முழங்காலால் தூக்கிப் பொருத்தினேன். நாடாவை அவிழ்த்துத் துவைக்கப் போட்டேன். உள்ளே உட்கார்ந்து, பெடல் கெட்டியாகும் வரைக்கும் மிதித்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் நான் ஒரு பிரேக்கை மாட்டியிருக்கிறேன். கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு நேரம் கண்ணாடி பார்த்ததில்லை. அந்தக் கரி அப்பிய முகத்தை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணியாகியும் அவர்கள் திரும்பவில்லை. மகள் இல்லாதபோதே ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, பீச் ரோட்டுக்குத் தனியாக வண்டியை எடுத்துப் போனேன். மத்தியான வெயிலில் ரோடு காலியாக இருந்தது. முதலில் இருபதில் போய் மிதித்தேன். நின்றது. நாற்பதில் போய் அழுத்தி மிதித்தேன். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போய், ரோட்டை விட்டு மணலில் ஒரு சக்கரம் இறங்கி நின்றது. மறுபடி ஒரு முறை முயற்சி செய்தேன். மறுபடி இடது. இறங்கிப் பார்த்தால் வலது பின்சக்கரத்திலிருந்து லேசான புகை, காந்தல் நாற்றம்.

வலது. நான் தனியாக மாட்டிய சக்கரம்.

அந்த மணலோரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிஸ்டனைத் தப்பாகத் திருகியிருப்பேனோ, பேடைத் திருப்பிப் போட்டிருப்பேனோ என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடியது. அதைவிட மோசமாக வேறொன்றும் உள்ளே ஓடியது. பின்சீட்டில் அவள் இருந்திருந்தால்? ரோட்டோரத்தில் மணலுக்குப் பதில் வாய்க்கால் இருந்திருந்தால்? அவர் பயந்தது சரி, நான்தான் திமிர் பிடித்து ஆடியிருக்கிறேன் என்று தோன்றியது. அழுதேன். அப்புறம் இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

அதற்குள் அவர்கள் திரும்பியிருந்தார்கள். அவர் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்து கறிக்குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றேன்.

"அந்த வீட்டுக்காரருக்கு சரின்னு சொல்லிடுங்க" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "இன்னா ஆச்சி?"

"நிக்கல. இடது பக்கமா இழுக்குது. வலது சக்கரம் புகையுது. நான்தான் எதையோ தப்பா மாட்டியிருக்கேன். எனக்குத் தெரியல. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிக்கலாம்."

"எந்தப் பக்கம் புகையுது?"

"அதான் சொன்னேனே. வலது பின்சக்கரம்."

கத்தி நின்றது. வெங்காயம் பாதி வெட்டுப்பட்டு அப்படியே இருந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அந்த நிமிடம் எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. அவர் வாயைத் திறக்காமலிருந்தால் போதும். அவர் கேட்டது அவர் கைக்கு வந்துவிட்டது, அதுவும் என் வாயாலேயே. மகளும் நானும் ரோட்டில் இல்லை, அவருக்கு நிம்மதி, சண்டையும் இல்லை.

"நீ தப்பா மாட்டல" என்றார். "காலைல அதுல நான்தான் கிரீஸ் வெச்சேன்."

எனக்குப் புரியவில்லை. "எதுல?"

"அந்த டிஸ்க்குல. ஒரு ராத்திரிதான், அதுக்குள்ள செவப்பா துரு ஏறிடுச்சி. புதுப் பொருளு. மனசு கேக்கல. எமரி போட்டு, ரெண்டு பக்கமும் லேசா கிரீஸ் தடவி வெச்சேன். நீ மாட்டறதுக்கு முன்னாடி வந்து தொடச்சிடலாம்னு இருந்தேன். பிரசங்கம் நீண்டுபோச்சி. வந்து பாத்தா நீ வண்டிய எடுத்துக்கினு போயிட்ட. நீயே தொடச்சிருப்பன்னு நெனச்சிட்டேன்."

"பிரேக்ல கிரீஸா?" நான் கத்தியதில் மகள் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்தாள். "யாராவது பிரேக்ல கிரீஸ் வெப்பாங்களா? வழுக்கிறதுக்கா அது இருக்கு?"

"லேசாதான் வெச்சேன்."

"லேசா வெச்சதாலதான எனக்குத் தெரியாம போச்சி! ஜாஸ்தியா அப்பியிருந்தாலாவது பாத்திருப்பேன்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பம்பு தண்டு, போல்ட், கேட் கீல் என்று பதினைந்து வருடமாக, வெறும் இரும்பைக் கண்டால் கிரீஸ் வைத்தே பழகிய கை அவருடையது. எங்கள் ஊரில் இரும்பை வெறுமனே விட்டால் அதற்குத் துரோகம் செய்த மாதிரி. எங்கள் தையல் மிஷினும் அரிவாள்மணையும் அவர் தயவில்தான் உயிரோடு இருந்தன. அதே கைதான் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தைலம் தடவும்.

எனக்கும் ஒரு வெட்கம் இருந்தது. எண்ணெய் பட்டால் உராய்வு குறையும் என்று எத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சாய்தளமும் மரக்கட்டையும் வைத்து நடத்தியிருக்கிறேன். அந்தப் பளபளப்பை ஒரு விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அதை அன்றைக்கு நான் அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

சக்கரத்தைக் கழற்றினோம். வெள்ளை பனியனால் டிஸ்க்கைத் துடைத்தேன், கறுப்பாக வந்தது. பேடுகளின் முகத்தில் கிரீஸ் ஊறிப்போயிருந்தது. "கேஸ் அடுப்புல காட்டி எரிச்சிட்டா போயிடும்" என்றார். பன்னிரண்டாம் பக்கத்தில், எண்ணெய் பட்ட பேடைத் தூக்கி எறிய வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும். "பின்சீட்ல உக்காரப்போறது யாருன்னு யோசிச்சிட்டு சொல்லுங்க" என்றேன். அவர் பேடுகளைக் குப்பைக் கூடையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை, கடைகள் பூட்டு. வண்டி ஜாக்கியின் மேல் நின்றது. சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. கறிக்குழம்பு ஆறிப்போனது.

ஐந்து மணிக்கு முன்பே சிதம்பரம் வீட்டுக்காரர் போன் செய்துவிட்டார். என் கணவர் போனை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்கு, அந்த மூன்று சக்கர வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஐந்து மணிக்குள் வண்டி நிற்க வேண்டும் என்பதுதான் பேச்சு. வண்டி நிற்கவில்லை. யார் தப்பு என்பது பேச்சில் இல்லை. நான் வாதாடவும் தயாராக இல்லை.

"சார், வணக்கம் சார்... ஆமா சார். இல்ல சார், வீடு வேணாங்க." கொஞ்ச நேரம் கேட்டார். "இல்லைங்க, வீடு நல்லாத்தான் இருக்கு. அவுங்க இங்கருந்தே போயிட்டு வருவாங்க. கார்ல." மறுபடி கேட்டார். "இல்லைங்க, டிரைவர் கெடையாது. அவுங்கதான் ஓட்டுவாங்க."

போனை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"வண்டிதான் இன்னும் ரெடி ஆவலியே" என்றேன்.

"நீ காயிதத்துல இருக்கிறபடி செஞ்ச சக்கரம் நின்னுச்சி இல்ல. நான் கை வெச்ச சக்கரந்தான நிக்கல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "கொழம்ப சூடு பண்ணட்டுமா?" என்றார்.

அந்த மனிதரை நான் கல்யாணம் செய்துகொண்டது எட்டு வருடத்துக்கு முன்னால். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் காதல் வந்தது என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். சொல்லவும் இல்லை.

திங்கட்கிழமை மறுபடி புதுச்சேரி பஸ், மறுபடி ஒரு செட் பேட். சாயங்காலம் அவர் ஷிஃப்ட் முடித்து வந்ததும் இரண்டு பக்கமும் புதிதாக மாட்டினோம். இந்த முறை நான் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "தொடல, பாரு" என்று இரண்டு முறை சொன்னார். பீச் ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். இருபது, முப்பது, நாற்பது, ஐம்பது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. ரோட்டோர மணலில் ஒரு சக்கரம்கூட இறங்கவில்லை.

வேலையில் சேருகிற நாளன்று அவர் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். ஜெபம் செய்தார். அன்றைக்கு ஜெபம் கொஞ்சம் நீளம். ஓ.டி.யைத் தாண்டும்வரை கால் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. நான் பார்க்காதது போல ஓட்டினேன். செம்மங்குப்பத்தில் அவருடைய கம்பெனி கேட் வந்ததும் வாட்ச்மேனுக்குக் கை காட்டினார். மகள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கம் தாண்டியது, என் புதுப் புடவை சுத்தமாகவே இருந்தது.

புதுச்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரப் புதரிலிருந்து ஓர் ஆடு திடீரென்று குறுக்கே வந்தது. மிதித்தேன். அறுபதில் போன வண்டி சத்தமில்லாமல், நேராக, ஆட்டுக்கு நாலடி முன்னால் நின்றது. ஆடு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடுரோட்டிலேயே நின்றது. வழக்கமான அழுத்துக்காகவும், அதற்குப் பின்னால் வரப்போகிற பெருமூச்சுக்காகவும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"செனை ஆடு போலருக்கு. மெதுவா போவட்டும்" என்றார்.

மகள் பின்சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை விட்டு, அவர் பக்கத்து மேட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது.

"அப்பா, உன் காலு எங்க?"

நான் திரும்பிப் பார்த்தேன். சீட்டின் மேல் இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கதான் பாப்பா இருக்கு. நீ உக்காரு, அம்மா வண்டிய எடுக்கட்டும்."